குப்பிச்சில்லும் கனிமச்சேறும்

மட்டாஞ்சேரி முதல் பாலாரிவட்டம் வரை, கொச்சியின் ஆக்ரிக்கடைகளில், அதாவது பழைய பொருள் வாங்கும் கடைகளில், தராசு ஓய்வதில்லை. செம்புக் கம்பி, அலுமினியப் பாத்திரம், இரும்பு, அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் பாட்டில் என ஒவ்வொன்றுக்கும் அன்றன்றைய விலை உண்டு. உடையாத பீர் பாட்டிலை எண்ணி வாங்கிக்கொள்வார்கள். உடைந்த கண்ணாடியைக் கொண்டுபோனால் மட்டும் கடைக்காரர் தலையசைத்துவிடுவார். அது கனம், சாக்கைக் கிழிக்கும், கையைக் கிழிக்கும். பச்சையும் பழுப்பும் வெள்ளையும் கலந்து கிடக்கும். கிலோவுக்குக் கிடைக்கிற காசு சுமைகூலிக்கே காணாது. இந்தத் தொழிலில் இருப்பவர்களில் கணிசமானோர் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். யாரும் விலை கொடுக்காத ஒரு பொருளால் கிழிபடுவது அவர்கள் விரல்கள்தான்.

அங்கிருந்து வடக்கே பெரியாற்றின் கரையில் ஏலூர், எடையாறு தொழிற்பேட்டைகள். தெற்கே கொல்லத்துக்கு அருகில் சவறா. கடற்கரை மணலிலிருந்து டைட்டானியமும் தோரியமும் பிரித்த பிறகும், பாறை பாஸ்பேட்டிலிருந்து உரம் எடுத்த பிறகும், எஞ்சிய சேறும் ஜிப்சமும் அங்கே குளங்களிலும் குன்றுகளாகவும் கிடக்கின்றன. கண்ணாடிச் சில்லு நகரத்தின் தலைவலி, கனிமச்சேறு தொழிற்சாலையின் தலைவலி என்று இரண்டையும் வெவ்வேறு துறைகள், வெவ்வேறு கோப்புகளில் வைத்துப் பார்க்கின்றன. சூளைக்காரர் கண்ணால் பார்த்தால் கதை வேறு. சேற்றில் இல்லாதது சில்லில் இருக்கிறது, சில்லில் இல்லாதது சேற்றில் இருக்கிறது.

ஒரு டைல்ஸ் எதனால் ஆனது என்று பார்ப்போம். களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் ஆகிய மூன்றுதான் அடிப்படை. களிமண் வடிவம் பிடிக்க உதவுகிறது. குவார்ட்ஸ் சூட்டில் குலையாமல் எலும்புக்கூடாக நிற்கிறது. ஃபெல்ட்ஸ்பாரின் வேலை உருகுவது. 1,100 டிகிரிக்கு மேல் அது இளகி, மற்ற துகள்களுக்கு இடையே ஊறிப் பரவி, ஆறும்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. பொரி உருண்டைக்கு வெல்லப்பாகு எப்படியோ, டைல்ஸுக்கு ஃபெல்ட்ஸ்பார் அப்படி. வேதியியலில் இதை இளக்கி என்பார்கள்.

நாம் எறிகிற பாட்டிலும் ஜன்னல் கண்ணாடியும் ஏறத்தாழ 70 முதல் 74 சதவீதம் சிலிக்கா, 12 முதல் 15 சதவீதம் சோடா, சுமார் 10 சதவீதம் சுண்ணாம்பு. ஒருமுறை உருகி ஆறிய பொருள் என்பதால் 700 டிகிரியைத் தாண்டியதுமே இளகத் தொடங்கிவிடும். அதாவது, ஃபெல்ட்ஸ்பார் செய்கிற அதே வேலையை, பல நூறு டிகிரி முன்னதாகவே கண்ணாடித் தூள் தொடங்கிவிடுகிறது. சூளையில் சூடு குறைந்தால் எரிவாயு குறையும். டைல்ஸ் தொழிலில் எரிபொருள் பெருஞ்செலவு. இத்தாலியின் ஃபாயென்சா நகரப் பீங்கான் ஆய்வாளர்கள் 2002ஆம் ஆண்டிலேயே இதை முறையாகச் சோதித்து வெளியிட்டார்கள். உயர்தரத் தரை டைல்ஸ் கலவையில் சோடியம் ஃபெல்ட்ஸ்பாருக்குப் பதில் 10 சதவீதம் அளவுக்குச் சாதாரணக் கண்ணாடித் தூளைச் சேர்த்தாலும் தரம் பெரிதாகக் கெடவில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. மலிவான செங்கல்லுக்கும் கூரை ஓட்டுக்கும் இன்னும் கூடுதலாகச் சேர்க்க இடம் உண்டு.

கண்ணாடியை மறுபடி கண்ணாடியாக்குவதுதானே நல்லது என்று கேட்கலாம். நல்லதுதான். உலையில் 10 சதவீதம் பழைய கண்ணாடி சேர்த்தால் இரண்டரை முதல் 3 சதவீதம் எரிசக்தி மிச்சம்; ஒரு டன் பழைய கண்ணாடி சுமார் 1.2 டன் புதிய மூலப்பொருளை மிச்சப்படுத்தும். வேம்பநாட்டுக் காயலோரம் சேர்த்தலைப் பகுதியில் வெள்ளை வெளேரென்ற சிலிக்கா மணலைத் தோண்டித் தோண்டி ஈரநிலங்கள் எந்தக் கதிக்கு ஆளாயின என்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த 1.2 டன்னின் பொருள் புரியும். ஆனால் பாட்டில் உலை மிகவும் ஆசாரமானது. நிறம் கலக்கக் கூடாது. ஒரு சிறு பீங்கான் சில்லோ கல்லோ உள்ளே போனால் அது உருகாமல் பாட்டிலின் சுவரில் புள்ளியாக நின்று, அந்த இடத்திலேயே பாட்டிலை வெடிக்க வைக்கும். கார் கண்ணாடியின் நடுவில் பிளாஸ்டிக் படலம். அடுப்பில் வைக்கும் கண்ணாடிப் பாத்திரம் வேறு சூட்டில் உருகும் வேறு இனம். இவற்றையெல்லாம் பிரித்துத் தர வேண்டும். பிரித்தாலும் கேரளத்தில் கொடுக்க இடம் இல்லை. ஆலப்புழை அருகே பாதிரப்பள்ளியில் இருந்த எக்செல் கிளாசஸ் மூடப்பட்ட பிறகு, சில்லு மாநில எல்லை தாண்டிப் பயணம் போக வேண்டியிருக்கிறது. லாரி வாடகை சரக்கின் விலையை விழுங்கிவிடுகிறது.

டைல்ஸ் சூளைக்கு இந்த ஆசாரம் கிடையாது. இரும்புச்சத்து மிகுந்த சேற்றோடு சேரும்போது எப்படியும் சிவப்போ பழுப்போ ஆகப்போகிற பொருளில், பச்சைக் கண்ணாடிக்கும் வெள்ளைக் கண்ணாடிக்கும் என்ன வேறுபாடு? பீங்கான் துணுக்கு கலந்திருந்தால் அது குவார்ட்ஸைப் போல எலும்புக்கூட்டோடு சேர்ந்துகொள்ளும். பாட்டில் உலை ஏற்க மறுக்கும் கடைசித் தரச் சில்லை ஏற்கக்கூடிய இடம் இதுதான். நல்ல சில்லு உலைக்கே போகட்டும். ஆக்ரிக்கடை ஏற்காததைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

இனி சேற்றின் பக்கம். சவறாக் கடற்கரையின் கறுப்பு மணலில் உள்ள இல்மனைட் இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம். அதில் டைட்டானியம் டை ஆக்சைடு 60 சதவீதத்தை ஒட்டி இருப்பதால் உலகச் சந்தையில் அதற்குத் தனி மதிப்பு. பெயின்ட்டுக்கு வெண்மை தரும் நிறமியை எடுக்க வேண்டுமானால் இரும்பைப் பிரித்து வெளியேற்ற வேண்டும். அமிலத்தில் கரைத்துப் பிரித்த இரும்பு, அமிலத்தை மீட்டெடுத்த பிறகு, இரும்பு ஆக்சைடாகக் குவிகிறது. கேரள மினரல்ஸ் அண்ட் மெட்டல்ஸ் நிறுவனத்தின் நிறமி ஆலை சவறாவில் 1980களின் நடுவிலிருந்து ஓடுகிறது. அத்தனை ஆண்டுகளின் சிவப்பும் எங்கேனும் கிடந்துதானே ஆக வேண்டும்.

இந்தச் சிவப்பு வெறும் நிரப்புப் பொருள் அல்ல என்பதை உணர 1953ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் டொனால்ட் ஸ்டூக்கி என்ற வேதியியலாளர் ஒரு கண்ணாடித் துண்டை 600 டிகிரியில் சூடேற்ற வைத்தார். உலையின் கட்டுப்பாட்டுக் கருவி பழுதாகி, சூடு 900 டிகிரிக்கு ஏறிவிட்டது. உருகி உலையைப் பாழாக்கியிருக்கும் என்று நினைத்துக் கதவைத் திறந்தால், துண்டு அப்படியே இருந்தது. தெளிவு போய்ப் பால்வெள்ளையாக மாறியிருந்தது. இடுக்கியில் எடுக்கும்போது நழுவித் தரையில் விழுந்தது, உடையவில்லை. கண்ணாடிக்குள் கோடிக்கணக்கான நுண்படிகங்கள் முளைத்து அதைப் பீங்கானாக மாற்றியிருந்தன. கண்ணாடிப் பீங்கான் என்ற பொருள்வகை பிறந்த கதை இது. படிகம் முளைக்க வித்து வேண்டும். அடுத்த ஆண்டுகளில் கார்னிங் பெரிதும் நம்பிய வித்து டைட்டானியம் டை ஆக்சைடு. இரும்பு ஆக்சைடும் பல கலவைகளில் அதே வேலையைச் செய்யும். எனவே சவறாவின் சேற்றில் உள்ள இரும்பும் எஞ்சியிருக்கும் சிறிதளவு டைட்டானியமும், கண்ணாடித் தூளோடு சேர்ந்து சூளைக்குப் போகும்போது, நிறத்தோடு உறுதியையும் தரக்கூடியவை.

கழிவிலிருந்தே கண்ணாடிப் பீங்கான் செய்வதும் புதிய யோசனை அல்ல. சோவியத் யூனியனில் கிட்டைகரோட்ஸ்கி என்ற அறிஞரின் வழிகாட்டுதலில், இரும்பாலைக் கசடை உருக்கி, ‘ஸ்லாக்சிட்டால்’ என்ற பெயரில் தரைப் பலகைகளும் சுவர்ப் பலகைகளும் 1960களிலேயே ஆலை அளவில் தயாரித்தார்கள். தேய்மானத்தையும் அமிலத்தையும் தாங்கும் அந்தப் பலகைகள் தொழிற்சாலைத் தரைகளுக்குப் போயின.

இந்தியாவிலும் நல்ல முன்மாதிரி உண்டு. பாக்சைட்டிலிருந்து அலுமினா எடுக்கும் பேயர் முறை 1880களில் வந்தது. ஒரு டன் அலுமினாவுக்கு ஒன்று முதல் ஒன்றரை டன் சிவப்புச் சேறு மிஞ்சும். உலகம் முழுக்க ஆண்டுக்கு 15 கோடி டன்னுக்கு மேல் சேர்கிறது. 2010 அக்டோபரில் ஹங்கேரியின் அய்கா நகரில் சேற்றுக் குளத்தின் கரை உடைந்து 10 பேர் இறந்தார்கள். 2019 ஏப்ரலில் ஜார்க்கண்டின் முரியில் குளம் சரிந்தது. ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் வந்த பாக்சைட்டைப் பயன்படுத்திய காலத்தில் மேட்டூரின் மால்கோ ஆலையும் இந்தச் சேற்றை விட்டுச் சென்றிருக்கிறது. போபாலில் உள்ள சிஎஸ்ஐஆர் ஆய்வகமான அம்ப்ரி, இதே சேற்றோடு பேரியம் சேர்மத்தைக் கலந்து சுட்டு, எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும் டைல்ஸை உருவாக்கியது. எக்ஸ்ரே அறையின் சுவரில் ஈயத் தகடு அடிக்க வேண்டிய இடத்தில் இந்த டைல்ஸைப் பதிக்கலாம். கழிவை வைத்து மலிவான பொருள் செய்வது ஒரு வழி. கழிவின் குணத்தையே, இங்கே சேற்றில் உள்ள உலோகங்களின் அடர்த்தியை, விலையாக மாற்றுவது இன்னொரு வழி. இரண்டாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கொச்சியிடமே பாடம் கற்க ஒரு பழைய அனுபவம் உண்டு. அம்பலமுகளில் உள்ள ஃபாக்ட் உர ஆலையில், பாஸ்பாரிக் அமிலம் தயாரிக்கும்போது, ஒரு டன்னுக்குச் சுமார் 5 டன் பாஸ்போஜிப்சம் மிஞ்சுகிறது. ஃபாக்ட் நிறுவனமும் மும்பையின் ஆர்சிஎஃப் நிறுவனமும் சேர்ந்து ஒரு கூட்டு நிறுவனம் தொடங்கி, அந்த ஜிப்சத்தைச் சூடாக்கி, கண்ணாடி இழை சேர்த்து, வீட்டுச் சுவர்ப் பலகை வார்த்தன. ஆஸ்திரேலியத் தொழில்நுட்பம். ஒரு பலகை 12 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், 124 மில்லிமீட்டர் தடிமன். உள்ளே வரிசையாகக் குழிகள். அந்தக் குழிகளில் கம்பி வைத்துக் கான்கிரீட் ஊற்றினால் சுவர் பாரம் தாங்கும். கூரைக்கும் மாடிக்கும் இதே பலகையைப் பயன்படுத்தலாம் என்பதை ஐஐடி மெட்ராஸ் பொறியாளர்கள் ஆய்ந்து, 2013இல் தங்கள் வளாகத்திலேயே அடுக்குவீடு கட்டிக் காட்டினார்கள். செங்கல் இல்லை, பூச்சு வேலை இல்லை, மணல் செலவு மிகக் குறைவு. ஆனாலும் கொச்சித் தொழிற்சாலையால் வணிகமாகக் காலூன்ற முடியவில்லை. பொறியியல் தோற்கவில்லை. 12 மீட்டர் பலகையைத் தூக்க கிரேன் வேண்டும், ஏற்றிப்போக நீண்ட லாரி வேண்டும், பதிக்கத் தெரிந்த கொத்தனார் வேண்டும், தொடர்ந்து வாங்கும் அரசுத் துறை வேண்டும். இந்த நான்கும் ஒருசேர அமையவில்லை என்பதே என் வாசிப்பு. டைல்ஸுக்கு இந்தத் தொல்லை குறைவு. எந்த ஊர்க் கொத்தனாரும் ஓடு பதிப்பார், சிறு வண்டியில் ஏற்றலாம்.

தமிழர்களுக்கு இந்த விஷயம் அந்நியமானதும் அல்ல. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காக மேல்மண்ணை அகற்றியபோது கிடைத்த வெண்களிமண்ணைக் கழுவி எடுத்தார்கள்; அதை ஒட்டி விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வளர்ந்தது. மின் இன்சுலேட்டரும் ஃபியூஸ் பீங்கானும் கொலு பொம்மையும் அங்கிருந்து போகின்றன. அரசின் பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரியும் அங்கேதான் இருக்கிறது. சுரங்கத்தில் தேவையற்றது என்று ஒதுக்கிய மண் ஒரு வட்டாரத்துக்கே தொழில் கொடுத்திருக்கிறது. இன்னொரு முனையில் கோலார் தங்கவயல். வடஆற்காட்டிலிருந்து போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோண்டிய பாறை, தங்கம் பிரித்தபின் மாவாக அரைபட்டு, ஊரைச் சுற்றி 13 மேடுகளாகக் கிடக்கிறது. சுமார் 3 கோடியே 30 லட்சம் டன். ஊர்மக்கள் அதைச் சயனைடு மேடு என்பார்கள். சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. காற்றுக் காலத்தில் மேட்டுத் தூசு இன்றும் வீடுகளுக்குள் வருகிறது. இந்த மாவோடு கரிசல் மண்ணையும் செம்மண்ணையும் கலந்து, 750 முதல் 950 டிகிரியில் சுட்டுச் செங்கல் செய்ய முடியும் என்று 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. மேடுகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கம் கிரானைட் அறுக்கும்போது வரும் சேறோ இன்னும் எளிது. கிரானைட் என்றாலே குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும்தான். டைல்ஸ்காரர் விலை கொடுத்து வாங்கும் இரண்டு சரக்கும் அரைத்த மாவாகவே கிடைக்கிறது. ரம்பத்தோடு இரும்புத் துகள் தூவி அறுத்த சேறு என்றால் காந்தம் வைத்து இரும்பை எடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் சுட்ட ஓட்டில் கரும்புள்ளி விழும்.

சூளையில் என்னவெல்லாம் தவறும் என்பதைச் சொல்லாமல் நன்மையை மட்டும் சொன்னால் அது விளம்பரம் ஆகிவிடும். ஒரு சோதனைத் துண்டு எப்படி உருவாகிறது என்று கூடவே போய்ப் பார்ப்போம். சில்லைக் கழுவி, உலர்த்தி, பந்து ஆலையில் அரைத்து, 75 மைக்ரான் சல்லடையில் சலிக்கிறார்கள். சேற்றைக் கழுவி, உலர்த்தி, களிமண்ணோடும் கண்ணாடித் தூளோடும் கலந்து, கொஞ்சம் ஈரம் தெளித்து, அச்சில் அழுத்துகிறார்கள். 110 டிகிரியில் காய வைத்துச் சூளையில் ஏற்றி, 950, 1,000, 1,050 என்று வெவ்வேறு சூட்டில் சுடுகிறார்கள். வெளியே வந்த துண்டை முதலில் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பது பழைய பழக்கம். நன்றாகச் சுட்டது கணீரென்று ஒலிக்கும், விரிசல் விட்டது மந்தமாக ஒலிக்கும். பிறகு எடை, தண்ணீரில் ஊறல், மறுபடி எடை. உறிஞ்சிய நீர் அரை சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் தரைக்கான விட்ரிஃபைடு வகை. 10 சதவீதத்துக்கு மேல் போனால் உட்சுவருக்குத்தான் ஆகும்.

துண்டை உடைத்துப் பார்க்கும்போது உள்ளே கறுப்பாக ஒரு கரு தெரிந்தால், பாட்டில் லேபிள் காகிதமும் பசையும் சர்க்கரையும் சரியாகக் கழுவப்படவில்லை என்று பொருள். கண்ணாடி சீக்கிரம் இளகி மேற்பரப்பை மூடிவிட்டதால், உள்ளே எரிய வேண்டிய கரிமப் பொருள் காற்றில்லாமல் அடைபட்டு இரும்பைக் கறுக்கடித்திருக்கிறது. கண்ணாடி இன்னும் கூடினால் அடைபட்ட வாயு ஓட்டை அப்பளம்போல உப்ப வைக்கும். சோடா அதிகமாகி முழுதாகப் பிணைபடாமல் நின்றால், கொச்சியின் மிதுன, கர்க்கடக மாத மழைக்குப் பிறகு ஓட்டின்மேல் வெள்ளையாக உப்புப் பூக்கும். சேற்றில் குளோரைடு மீந்திருந்தால் சூளையில் அமிலப் புகையாகக் கிளம்பி, சூளையின் இரும்பையும் பக்கத்து வீட்டுக்காரரின் மூச்சையும் அரிக்கும். இவற்றுக்கெல்லாம் தீர்வு உண்டு: கழுவுதல், நுண்ணியதாக அரைத்தல், சூட்டை மெதுவாக ஏற்றுதல், அளவோடு கலத்தல். ஒவ்வொன்றுக்கும் செலவும் உண்டு. அரைப்பதற்கான மின்சாரம், சூளையில் மிச்சமான எரிவாயுவைத் தின்றுவிடக் கூடாது என்பதைக் கணக்குப் போட்டே முடிவெடுக்க வேண்டும்.

இவற்றைவிடக் கனமான கேள்வி நஞ்சு. பழைய டிவி படக்குழாயின் பின்பக்கக் கண்ணாடியில் ஈய ஆக்சைடு 20 சதவீதத்துக்கும் மேல் இருக்கும். அந்தச் சில்லு தப்பித்தவறியும் பாட்டில் சில்லோடு கலக்கக் கூடாது. டியூப் லைட்டில் பாதரசம். கடற்கரைக் கனிமங்கள் என்றால் மோனசைட் வழியாகத் தோரியம். ஏலூரில் இன்று ஐஆர்இஎல் என்று அழைக்கப்படும் இந்தியன் ரேர் எர்த்ஸின் ஆலை 1952 முதல் கையாண்டது மோனசைட்டைத்தான். பாஸ்போஜிப்சத்தில் ரேடியம் இருப்பதால், கட்டடப் பொருளுக்கு ஒரு கிராமுக்கு 1 பெக்குரல் என்ற வரம்பை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வகுத்திருக்கிறது. கண்ணாடிக்குள் நஞ்சைச் சிறை வைக்கலாம் என்பது உண்மைதான். கல்பாக்கத்திலும் தாராப்பூரிலும் அணு உலைக் கழிவைப் போரோசிலிகேட் கண்ணாடியாக உருக்கி அடைப்பது அந்த நம்பிக்கையில்தான். அந்தக் கண்ணாடி அதற்கென்றே வடிவமைத்தது, எஃகு உருளைக்குள் கண்காணிப்பில் இருப்பது. 1,000 டிகிரியில் சுட்ட நடைபாதை ஓட்டுக்கு அந்தச் சான்றிதழைத் தூக்கிக் கொடுக்க முடியாது. ஒவ்வொரு கலவையையும் பொடித்து, அமில நீரில் ஊற வைத்து, கசிந்த உலோகத்தை அளந்தே ஆக வேண்டும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஏலூர் மக்கள் பெரியாறு நிறம் மாறுவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். 2024 மே மாதம் ஆற்றில் மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்தன. கூண்டு வைத்து மீன் வளர்த்தவர்கள் முதலீட்டை இழந்தார்கள். அவர்களிடம் போய், குளத்தில் கிடக்கும் சேற்றை உங்கள் வீட்டுத் தரைக்கே கொண்டுவருகிறோம் என்று சொன்னால், சந்தேகப்படுவது அவர்கள் உரிமை. கழிவைச் சுவருக்குள் ஒளித்து வைக்கும் வேலையாக இது ஆகிவிட்டால் ஆகாமலிருப்பதே மேல். கோலாரில் சிலிக்கா தூசு தின்ற நுரையீரல்களை மறந்துவிட்டு, உலர்ந்த கனிமச்சேற்றை மூடாத ஆலையில் அரைக்கவும் கூடாது.

இந்த நிபந்தனைகளோடு பார்த்தால், கொச்சியைப் போல் தோதான இடம் இந்தியாவில் அதிகம் இல்லை. ஒரு காரணம் ஓட்டுத் தொழில். மங்களூரில் பாசல் மிஷனின் பிளெப்ஸ்ட் 1865இல் தொடங்கிய ஓட்டுத் தொழில் ஃபெரோக், ஒல்லூர், புதுக்காடு, ஆலுவா என்று தெற்கே பரவியது. அவற்றில் பல இன்று மூடிக்கிடக்கின்றன. கான்கிரீட் கூரை ஒரு காரணம். களிமண் கிடைக்காதது இன்னொரு காரணம். அவை தின்ற களிமண் வயல் களிமண். கேரளத்தின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் 2008இல் வந்தது. வர வேண்டிய சட்டம்தான். சுடத் தெரிந்த தொழிலாளர்களும் புகைபோக்கியோடு நிற்கும் சூளைகளும் இருக்கின்றன, வயலைத் தோண்டாத மூலப்பொருள் மட்டும் இல்லை. சேறும் சில்லும் களிமண்ணின் தேவையை முழுதாக நீக்காது, கணிசமாகக் குறைக்கும்.

இன்னொரு காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. அது தண்ணீர். 1993இல் அறிவிக்கப்பட்ட தேசிய நீர்வழி 3, கொல்லத்திலிருந்து கோட்டப்புறம் வரை 168 கிலோமீட்டர். அதோடு உத்யோகமண்டல் கால்வாய் 23 கிலோமீட்டர், சம்பக்கரைக் கால்வாய் 14 கிலோமீட்டர். வரைபடத்தில் விரலை வைத்துப் போய்ப் பாருங்கள். சவறாவில் நிறமி ஆலைக்கும் மணல் எடுக்கும் கோவில்தோட்டத்துக்கும் நடுவே ஓடுவது இந்த நீர்வழி. அது வேம்பநாட்டுக் காயலில் சேர்த்தலையை ஒட்டி வந்து, கொச்சித் துறைமுகத்தைத் தொடுகிறது. மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளின் பின்வாசல் அதே காயலில்தான் திறக்கிறது. ஒரு கிளை ஏலூருக்கு, மற்றொரு கிளை அம்பலமுகளுக்கு. 1993 அறிவிப்பின் வடமுனையான கோட்டப்புறம், ஓட்டுச் சூளைகளின் பழைய வட்டாரத்துக்கு வாசல். சேறும் சில்லும் கனமானவை, மலிவானவை, அவசரமில்லாதவை. லாரிக்குக் கட்டுப்படியாகாத சரக்கு, பார்ஜுக்கு உகந்த சரக்கு. பரதேசி யூதப்பள்ளியின் தரைக்கு 1762இல் சீனத்துக் கான்டனிலிருந்து டைல்ஸ் வந்து இறங்கியதும் தண்ணீர் வழிதான்.

சில்லைச் சேர்க்கும் வழியும் தெரிந்ததே. சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் 2022இல் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் முன்பணம் வாங்கித் திருப்பித் தரத் தொடங்கினார்கள். காட்டுப் பாதையில் யானைக் காலைக் கிழித்துக்கொண்டிருந்த பாட்டில்கள் கடைக்குத் திரும்பின. 2025இல் கேரளமும் மதுப் பாட்டிலுக்கு 20 ரூபாய் முன்பணத்தை முதலில் திருவனந்தபுரம், கண்ணூர் மாவட்டங்களில் கொண்டுவந்தது. முழுப் பாட்டில் அப்படித் திரும்பும். உடைந்ததற்கு விலை வேண்டும். 2023 மார்ச்சில் பிரம்மபுரம் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்து கொச்சி புகையில் மூச்சுத்திணறிய பிறகு, வீட்டிலேயே பிரித்துக் கொடுக்கும் பழக்கம் நகரில் வலுப்பெற்றிருக்கிறது. ஹரித கர்ம சேனைப் பெண்கள் வாசலுக்கே வந்து கண்ணாடியை வாங்கிப்போகிறார்கள். அவர்கள் சேர்க்கும் சில்லை வாங்க ஒரு சூளை காத்திருக்கிறது என்றால் கணக்கு மாறும்.

எனவே கொச்சி மாநகராட்சிக்கும் கேரளப் பொதுப்பணித் துறைக்கும் என் கோரிக்கை மூன்று. நடைபாதைக்கும் பேருந்து நிலையத்துக்கும் ஓடு வாங்கும் ஒப்பந்தத்தில், உள்ளூர்க் கண்ணாடிச் சில்லும் சோதித்த கனிமக் கழிவும் சேர்ந்த ஓட்டுக்கு ஒரு குறிப்பிட்ட பங்கை ஒதுக்குங்கள். முதல் வாடிக்கையாளர் இல்லாமல் எந்தச் சூளையும் எரியாது. அந்த ஓட்டின் கசிவு அளவையும் கதிரியக்க அளவையும், ஒவ்வொரு தொகுதிக்கும், மலையாளத்திலும் தமிழிலும் யாரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். வரம்பைத் தாண்டிய தொகுதியைத் திருப்பி அனுப்புங்கள். சில்லுக்குக் கிலோ விலை நிர்ணயித்து, அதைப் பொறுக்கிச் சேர்ப்பவரின் கையில் கிழியாத கையுறையையும் அந்தக் காசையும் நேரடியாகக் கொடுங்கள்.